கம்பஸ் பிள்ளைகளும் குடியும் போதையும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர் ஆலோசனை வேலையில் இருப்பதால் பெற்றோர் கூட்டத்திலும், விடுதி வாசலிலும், சில நேரம் சந்தைக்குள் மறித்து வைத்தும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் இவை. பல்கலைக்கழகம், தொழில்நுட்பக் கல்லூரி, கல்வியியற் கல்லூரி என்று பிள்ளை எங்கே படித்தாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. மருத்துவ விடயங்களை வைத்தியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். உங்கள் பிள்ளைக்கு என்ன சிகிச்சை என்பதை அவர்களே சொல்ல வேண்டும்.

"கம்பஸுக்குப் போனா ஒருக்கா ரெண்டு தரம் குடிக்கிறதுதானே ரீச்சர். அதுக்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்?"

எல்லாரும் குடிப்பதில்லை. குடிக்கிறவர்கள் கூட்டமாக, சத்தமாக, எல்லார் கண்ணிலும் படும்படி குடிக்கிறார்கள். குடிக்காதவர்கள் அறையில் படித்துக்கொண்டோ படுத்துக்கொண்டோ இருப்பதால் ஒருவரும் அவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை. முதலாம் வருடத்துப் பிள்ளை வந்து இறங்கியதும் பார்ப்பது அந்தச் சத்தமான கூட்டத்தைத்தான். 'எல்லாரும் குடிக்கினம்' என்று நினைத்து அதுவும் போய்ச் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் நாங்களும் 'கம்பஸ் எண்டா அப்பிடித்தான்' என்று சொன்னால் அந்த நினைப்பு இன்னும் உறுதியாகிறது.

அடுத்தது வயது. மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. கடைசியாக முதிர்வது, யோசித்து முடிவெடுக்கவும் ஆசையை அடக்கவும் உதவுகிற முன்பகுதி. 19, 20 வயதில் பழகும் போதை அந்த வளர்ச்சிக்கு நடுவே வந்து புகுகிறது. எவ்வளவு இளவயதில் தொடங்குகிறார்களோ, பின்னாளில் அடிமையாகும் வாய்ப்பும் அவ்வளவு கூடுகிறது. ஒருமுறை குடித்த எல்லாரும் குடிகாரர் ஆவதில்லை, சரி. ஆனால் ஆகப்போவது யார் என்று முதல் நாளில் ஒருவராலும் சொல்ல முடியாது.

"பியர்தானே குடிக்கிறான், சாராயம் இல்லையே?"

போத்தலைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் மதுசாரத்தைப் பாருங்கள். சாதாரண லாகர் பியரில் 4.8 வீதம். ஸ்ரோங் என்று விற்பதில் 8.8 வீதம். சாராயத்தில் 33.5 வீதம் அல்லது அதற்கு மேல். கணக்குப் போட்டால், 625 மில்லிலீற்றர் ஸ்ரோங் பியர் ஒரு போத்தலில் ஏறக்குறைய 43 கிராம் சுத்த மதுசாரம் இருக்கிறது. 180 மில்லிலீற்றர் சாராயத்தில், அதாவது கால் போத்தலில், ஏறக்குறைய 48 கிராம். இரண்டு ஸ்ரோங் பியர் குடித்த பெடியன் அரைப்போத்தல் சாராயத்துக்குக் கிட்டக் குடித்திருக்கிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈரல் ஒரு மணித்தியாலத்தில் அகற்றுவது சுமார் 10 கிராம் மட்டுமே. கோப்பி, தேசிக்காய்த் தண்ணீர், கிணற்றடியில் வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவது, எதுவும் அதை வேகப்படுத்தாது. இரவு ஒரு மணி வரை குடித்தவன் காலை எட்டு மணி விரிவுரைக்கு மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது வெறி முறிந்துவிட்டதாக நினைப்பான். இரத்தத்தில் அது இன்னும் இருக்கும். எவ்வளவு குடித்தால் பாதிப்பில்லை என்று கேட்பவர்களுக்கு: பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

"கள்ளு மரத்தில இருந்து வாறது. அது உடம்புக்கு நல்லது எண்டு அப்பு சொல்லுறார்?"

முட்டிக்குள் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அது கருப்பநீர். அதில் வெறி இல்லை, பிள்ளைக்கும் கொடுக்கலாம். சுண்ணாம்பு இல்லாவிட்டால் மரத்தில் இருக்கும்போதே புளிக்கத் தொடங்கி, நேரம் போகப் போக மதுசாரம் ஏறுகிறது. தவறணையில் குடிக்கும் கள்ளு பியருக்குக் கிட்டியது. பனை எங்கள் மரம், சீவல் தொழில் பலருக்குச் சோறு போடுகிறது. இரண்டையும் மதிக்கிறேன். அதற்காகக் கள்ளு மருந்தாகிவிடாது.

களவாகக் காய்ச்சும் கசிப்பு வேறு கதை. அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று காய்ச்சியவருக்கே நிச்சயமில்லை. மெதனோல் என்ற நச்சு மதுசாரம் கலந்திருந்தால் கண்பார்வையே போகலாம், உயிரும் போகலாம். குடித்த மறுநாள் கண் மங்கினால், கண்ணுக்குள் வெள்ளையாகத் தெரிந்தால், படுத்தால் சரிவரும் என்று இருக்காமல் உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்.

"பதினெட்டு வயசு வந்தா வாங்கலாம்தானே?"

இல்லை, 21. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவோ சிகரெட்டோ விற்பது குற்றம். அப்படிப் பார்த்தால் 21 ஆகாத எந்த மாணவருக்கும் கடைக்காரர் விற்கவே கூடாது.

"இப்ப இஞ்ச என்னென்ன சாமான் புழங்குது? எங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லை."

மதுவைத் தவிர்த்துச் சொன்னால், மாவா, கஞ்சா, குளிசை, ஹெரோயின், ஐஸ். பாக்கோடு புகையிலை சேர்த்த மாவாவைப் பாடசாலைக் காலத்திலேயே தொடங்கிவிடுகிறார்கள். கேரளக் கஞ்சா பாக்குநீரிணை வழியாகப் படகில் வருகிறது. வடமராட்சிக் கரையிலும் மாதகல் பக்கமும் மன்னாரிலும் பொதி பொதியாகப் பிடிபடும் செய்திகளை நீங்களே வாசித்திருப்பீர்கள். குளிசை என்று நான் சொல்வது பிரிகபலின், ட்ரமடோல் போன்றவற்றை. நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் கடும் நோவுக்கும் வைத்தியர்கள் எழுதும் மருந்துகள் இவை. விலை குறைவு, வாசம் இல்லை, சட்டைப் பையில் பனடோல் போல இருக்கும். அதனால்தான் பெற்றோர் கண்ணில் கடைசியாகப் படுகிறது. மதுவோடு சேர்த்துப் போட்டால் மூச்சு மெலிந்து நின்றுவிடக்கூடும்.

ஹெரோயினும் ஐஸும் ஒன்றல்ல. ஹெரோயின் மந்தப்படுத்துவது: கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், தூங்கி விழுவார்கள். ஐஸ் என்பது மெதம்பெற்றமின், முடுக்கிவிடுவது: கண்மணி விரியும், இரவிரவாக நித்திரை இல்லை, பசி இல்லை, ஓயாமல் கதைப்பார்கள். பிறகு எல்லாம் வடிந்து இரண்டு நாள் அடித்துப்போட்டது போலப் படுப்பார்கள்.

"கஞ்சா மூலிகைதானே மிஸ்? சிகரெட்டை விட நல்லது எண்டு எல்லாரும் சொல்லுறாங்கள்."

படிக்கிற பிள்ளைக்கு அது செய்யும் முதல் கெடுதல் ஞாபகத்திலும் கவனத்திலும்தான். நேற்று வாசித்தது இன்று நிற்காது. அதை விடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. நாளாந்தம் பாவிப்பவர்களில் சிலருக்கு, அதுவும் குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்தால், காதில் குரல் கேட்பது, எல்லாரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம், இப்படி மனப்பிறழ்வு தொடங்கலாம். சிலருக்கு அது கஞ்சாவை விட்ட பிறகும் போவதில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது இதற்கும் பொருந்தும்.

"சோதனை நேரம் முழிச்சிருக்க ஏதாவது எடுத்தா என்ன? சோதனை முடிய விட்டிடலாம்தானே?"

நல்லாகப் படிக்கிற பிள்ளைகளும் விழுகிற குழி இது. படித்தது ஞாபகத்தில் பதிவது நித்திரையில்தான். ஐஸ் எடுத்து மூன்று இரவு முழித்தவர் பக்கங்களைப் புரட்டியிருப்பார், மண்டபத்தில் எழுத ஒன்றும் வராது. முழிப்பு நீள நீளச் சந்தேகமும் பயமும் வரும், சிலர் இல்லாத ஆட்களோடு சண்டை பிடிப்பார்கள். சோதனை முடிந்த பிறகு வரும் சோர்வைத் தாங்க முடியாமல் திரும்ப எடுப்பார்கள். விடலாம் என்ற கணக்கு அங்கேதான் பிழைக்கிறது.

பாடங்கள் குவிந்து வழி தெரியாமல் நிற்கிறீர்களா? விரிவுரையாளரிடமோ மாணவர் ஆலோசகரிடமோ வாருங்கள். நோயென்றால் மருத்துவச் சான்றிதழோடு சோதனையைப் பிற்போட வழி இருக்கிறது. ஒரு பாடத்தைத் திரும்ப எழுதுவது வாழ்க்கை முடிவல்ல. இதைப் பெற்றோரும் தங்கள் வாயால் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நம்பாத பிள்ளை அம்மா சொன்னால் நம்பும்.

"மகன் பாவிக்கிறானோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

ஒரு அடையாளத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். மாற்றங்கள் சேர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள். காரணம் சொல்ல முடியாத காசுத் தேவை, ஃபோன் 'துலைஞ்சு போச்சு', மோதிரம் அடைவுக்குப் போய்விட்டது, பழைய சிநேகிதர் ஒருவரையும் காணவில்லை, பகலில் நித்திரை இரவில் முழிப்பு, உடம்பு மெலிவு, மத்தியான வெயிலிலும் முழுக்கைச் சட்டை. அறையில் கருகிய ஈயத்தாள், வெட்டிய உறிஞ்சுகுழாய், பெயர் தெரியாத வெறும் குளிசைப் பட்டைகள். கண்மணி பற்றி மேலே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் மனச்சோர்வு, காதல் முறிவு, கடன், விடுதியில் நடக்கும் வதை ஆகியவையும் இதே மாதிரித் தோன்றும். முடிவோடு போகாமல் கேள்வியோடு போங்கள். கடையில் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை வாங்கி வந்து பிள்ளையை மறித்து வைத்துச் சோதிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். அது பிழையாகவும் காட்டும், இருக்கிற நம்பிக்கையையும் அறுக்கும். பரிசோதனை தேவையென்றால் வைத்தியர் செய்யட்டும்.

"கண்டுபிடிச்சிட்டன். இப்ப அவனிட்ட என்னெண்டு கதை தொடங்கிறது?"

வெறியில் இருக்கும்போது தொடங்காதீர்கள். ஆட்கள் நடுவில் தொடங்காதீர்கள். ஒரு அம்மா செய்ததைச் சொல்கிறேன். மகனின் காற்சட்டையைத் தோய்க்க எடுத்தபோது பைக்குள் நான்காய் மடித்த ஈயத்தாள், நடுவில் கறுப்புக் கோடு. அவ அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை தேத்தண்ணீரை மகனுக்கு முன்னால் வைத்துவிட்டு, பக்கத்தில் அந்த ஈயத்தாளையும் வைத்தா. "தம்பி, இது உன்ர காற்சட்டைக்குள்ள இருந்தது. எனக்குப் பயமாக் கிடக்கு. நான் கத்தப் போறேல்லை, அப்பாட்ட இப்ப சொல்லப் போறதுமில்லை. என்ன நடக்குது எண்டு எனக்குச் சொல்லு." அவன் தேத்தண்ணீரைக் குடிக்காமல் எழும்பிப் போய்விட்டான். அவ பின்னால் போகவில்லை. இரண்டாம் நாள் இரவு அவனே குசினிக்குள் வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டு சொல்லத் தொடங்கினான்.

அந்த அம்மா பார்த்ததைச் சொன்னா, தன் பயத்தைச் சொன்னா, கேள்வியைக் கேட்டுவிட்டுப் பொறுத்தா. 'நீ நாசமாப் போனாய்' என்று ஒரு சொல் வந்திருந்தால் அந்தக் கதவு பூட்டியிருக்கும். கதைத்து முடிய ஒரு அடுத்த வேலை கையில் இருக்க வேண்டும்: எந்த நாள், எந்த கிளினிக், ஆர் கூடப் போவது. எங்கே போவது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

"ரெண்டு அடி போட்டா திருந்த மாட்டானோ? காசை நிப்பாட்டினா?"

அடித்தால் ஒளிக்கப் பழகுவான், அவ்வளவுதான். அடிமையான மூளைக்கு அடி புரியாது. வீட்டை விட்டுத் துரத்தினால் அவனை ஏற்றுக்கொள்ளக் காத்திருப்பது விற்கிறவன்.

காசு வேறு விடயம். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பெரியப்பா, மாமாமார் அன்பில் நேரே பிள்ளையின் கணக்குக்கு அனுப்புகிறார்கள், ஒருவருக்கும் மொத்தம் தெரியாது. அதைக் கட்டாயம் ஒழுங்குபடுத்துங்கள். விடுதிக் காசை விடுதிக்கும் சாப்பாட்டுக் காசைச் சாப்பாட்டுக் கடைக்கும் நேரே கட்டலாம். வெளிநாட்டு உறவுகளுக்கும் விளக்கிச் சொல்லுங்கள். அவன் பட்ட கடனை மட்டும் ஒளித்து ஒளித்து அடைக்காதீர்கள், அது அடுத்த பொதிக்கு வழி விடுவது போலாகிவிடும். சாப்பாட்டையும் கதையையும் ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.

"சீனியர்மார் குடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினா என்ன செய்யிறது மிஸ்?"

அது பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை, பாரதூரமான காயமோ பாலியல் துன்புறுத்தலோ நடந்தால் பத்து வருடம் வரை. கல்வி நிறுவனத்திலிருந்து நீக்கவும் இடமுண்டு. மாணவர் ஆலோசகரிடமோ பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம்.

சட்டம் அந்த இரவில் உங்கள் பக்கத்தில் நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் சொல்லை முதலே ஆயத்தமாக வைத்திருங்கள். 'வேண்டாம் அண்ணை, நான் குளிசை குடிக்கிறன், டொக்டர் கூடாது எண்டவர்' என்பது நன்றாக வேலை செய்கிறது. நீண்ட விளக்கம் கொடுத்தால் வாதாட இடம் கிடைக்கும், ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கையில் சோடாப் போத்தல் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தால் பாதிக் கேள்வி வராது. தனியாகப் போகாதீர்கள். குடிக்காத இன்னொருவர் பக்கத்தில் இருந்தால் மறுப்பது பல மடங்கு இலகு.

"பார்ட்டியில ஒருத்தன் விழுந்து கிடக்கிறான், எழுப்ப எழும்புறான் இல்லை. விட்டா நித்திரை கொண்டு எழும்புவான்தானே?"

எழும்பாமலும் போகலாம். குடித்து முடித்த பிறகும் வயிற்றில் இருப்பது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். படுக்கும்போது இருந்ததை விட ஒரு மணித்தியாலம் கழித்து நிலைமை மோசமாகலாம். தோளைக் குலுக்கி, காது மடலைக் கிள்ளிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையா? மூச்சு மெதுவாக, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவா? இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து வினாடிக்கு மேல் இடைவெளியா? உதடு, நகம் நீலமா, உடம்பு குளிர்ந்து ஈரமா? நித்திரையிலேயே சத்தி எடுக்கிறானா? வலிப்பு வந்ததா? இதில் ஒன்று இருந்தாலே 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018 முதல் யாழ்ப்பாணத்திலும் ஓடுகிறது, காசு இல்லை.

வரும்வரை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். மேலே இருக்கும் காலை முழங்காலில் மடித்து முன்னால் வையுங்கள், நாடியைச் சற்று உயர்த்தி வாயைக் கீழ்நோக்கி விடுங்கள். சத்தி வந்தால் வெளியே போகும், மூச்சுக் குழாய்க்குள் போகாது. மல்லாத்திப் படுக்கப் போட்டுவிட்டுப் போனதால்தான் பல உயிர்கள் போயிருக்கின்றன. கோப்பி வேண்டாம், விரலை விட்டுச் சத்தி எடுக்கப் பண்ண வேண்டாம், குளிர் தண்ணீர் ஊற்ற வேண்டாம், நடத்திப் பார்க்க வேண்டாம். ஒரு நிமிடமும் தனியே விடவும் வேண்டாம்.

கண்மணி ஊசிமுனையாகி மூச்சும் மெலிந்திருந்தால் ஹெரோயினாகவோ வேறு அபின் வகையாகவோ இருக்கலாம். நலொக்சோன் என்ற ஊசிமருந்து அதை முறிக்கும், வைத்தியசாலையில் கொடுப்பார்கள். ஆனால் என்ன எடுத்தான் என்று நீங்கள் சொன்னால்தான் நேரம் மிஞ்சும். வெறும் பட்டை, பொதி ஏதாவது கிடந்தால் கையோடு கொண்டு போங்கள்.

"அம்புலன்ஸுக்கு அடிச்சா பொலிசும் வருமே? எல்லாரும் மாட்டிக்கொள்ளுவம்."

இந்தப் பயத்தில்தான் நேரம் போகிறது. 1990 என்பது அம்புலன்ஸ் சேவை, பொலிஸ் 119. சிகிச்சை தருகிறவர்களுக்குத் தேவை என்ன எடுத்தான், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பவைதான். நிர்வாக விசாரணை ஒன்று வந்தாலும், சிநேகிதனைக் காப்பாற்றியவர் என்று உங்களுக்காகப் பேச ஆட்கள் இருப்பார்கள். விட்டுவிட்டு ஓடியவருக்காக ஒருவராலும் பேச முடியாது.

"பொம்பிளைப் பிள்ளையளுக்கு இதெல்லாம் ஏன்? அவையள் தொடுறேல்லைத்தானே?"

தொடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வெட்கத்தாலும், கல்யாணப் பேச்சுக் குழம்பும் என்ற பயத்தாலும் உதவி கேட்கக் கடைசியாக வருவதும் அவர்கள்தான். பெண் உடம்பில் நீரின் பங்கு குறைவு, அதனால் அதே அளவு மது பெண்ணின் இரத்தத்தில் கூடிய செறிவாக ஏறும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நினைவில்லாத நிலையில் இருக்கும் ஒருவரால் எதற்கும் சம்மதம் சொல்ல முடியாது. அந்த நிலையில் அவருக்கு நடப்பது குற்றம், அவர் குடித்திருந்தது அதற்குச் சாட்டாகாது. கிளாசை விட்டு எழும்பிப் போனால் திரும்பி வந்து அதைக் குடிக்காதீர்கள். மகள்மார் உள்ள பெற்றோர், மேலே மகனைப் பற்றி எழுதியது முழுவதையும் மகளுக்கும் சேர்த்து வாசியுங்கள்.

"மனசு வைச்சா தானாவே நிப்பாட்டலாம்தானே?"

எதை, எவ்வளவு காலம் என்பதைப் பொறுத்தது. எப்போதாவது குடிப்பவர் நிறுத்தலாம், ஒன்றும் ஆகாது. நாளாந்தம் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளிலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் மனம் குழம்பி, இல்லாததெல்லாம் தெரியத் தொடங்கலாம், அது உயிராபத்து. பிரிகபலினையும் சடுதியாக நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். இவர்களை வீட்டில் அறைக்குள் பூட்டி வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். வைத்தியசாலையில் மருந்தோடு நிறுத்தலாம்.

ஹெரோயினை நிறுத்தும்போது உடம்பு உளைவு, வயிற்றோட்டம், நித்திரையின்மை இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு கிழமை அளவில் தணியும். கொடுமையாக இருக்கும், ஆனால் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் உயிராபத்தில்லை. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது.

"அவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில மருந்து கலந்து குடுக்கலாம் எண்டு சொல்லுறாங்கள். குடுக்கட்டே?"

தயவுசெய்து வேண்டாம். அப்படிக் கலப்பது பெரும்பாலும் டைசல்பிரம். அதை எடுத்தவர் மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, சத்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழும். சிலருக்கு உயிராபத்து. தெரிந்து, சம்மதித்து, வைத்தியரின் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து அது. தெரியாமல் கொடுத்தால் அவன் வழக்கம் போலக் குடிப்பான், நீங்கள் மகனின் சாப்பாட்டில் நஞ்சு வைத்தது போலாகிவிடும். ஒரு கிழமையில் குடியை மறக்கடிக்கும் என்று விளம்பரம் செய்யும் தூள்களிலும் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனா விசர் எண்டு பெயர் வரும். வேற எங்கயும் இல்லையோ?"

யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. அரச வைத்தியசாலை என்பதால் இலவசம். வைத்தியர் நோயாளியின் விடயத்தை வெளியில் சொல்வதில்லை, பல்கலைக்கழகத்துக்கும் கடிதம் போகாது. உளநலப் பிரிவு என்றவுடன் மனம் கூசுகிறது என்றால் முதலில் கதைத்துப் பார்க்கலாம். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் தொலைபேசி 1927. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்ற நிறுவனம் நீண்டகாலமாக உளவளத்துணை செய்கிறது. பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அயலவர் என்ன சொல்லுவினம் என்று காத்திருந்த குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் கடைசியில் வந்தபோது அயலுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, பிள்ளையின் உடம்பில்தான் ஒன்றும் மிச்சமில்லை.

"கந்தக்காட்டுக்குப் பிடிச்சுக்கொண்டு போயிடுவினமோ?"

கிளினிக்குக்குத் தானாக வருபவரை ஒருவரும் அங்கே கொண்டுபோவதில்லை. பொலனறுவை மாவட்டத்தில் இருக்கும் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையம் பெரும்பாலும் நீதிமன்ற வழியாக அனுப்பப்படுபவர்களுக்கானது. நேரத்தோடு தானாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். எந்தப் புனர்வாழ்வு நிலையத்தில் சேர்ப்பதென்றாலும் முதலே கேளுங்கள்: தமிழில் ஆலோசனை உண்டா, பொறுப்பான வைத்தியர் யார், குடும்பம் வந்து பார்க்கலாமா, அடிப்பார்களா. கடைசிக் கேள்வியைக் கூசாமல் கேளுங்கள். மொழி விளங்காத இடத்தில் மூன்று மாதம் இருந்து வந்த பிள்ளை, தூரத்தில் இருந்துவிட்டு வந்ததே தவிர, ஆலோசனை பெறவில்லை.

"சிநேகிதன்ர பொதியை ஒரு நாள் அறையில வைச்சிருந்தா அது குற்றமே? நான் பாவிக்கேல்லையே?"

உங்கள் அறையில் கிடந்தால் உடைமையில் வைத்திருந்தவர் நீங்கள்தான். சட்டம் பார்ப்பது எடையை. ஹெரோயின் 2 கிராம் அல்லது அதற்கு மேல், ஐஸ் 5 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை வரை போகும். ஐஸுக்கான இந்த ஏற்பாடு 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் வந்தது. இலங்கையில் 1976க்குப் பிறகு மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை, அதனால் நடைமுறையில் அது ஆயுள். ஐந்து கிராம் என்பது ஒரு தேக்கரண்டி அளவு. உப்போ சீனியோ என்று தெரியாத ஒரு பொதியைச் சிநேகத்துக்காக ஒருநாளும் வாங்கி வைக்காதீர்கள், பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுக்கவும் ஒப்புக்கொள்ளாதீர்கள். விற்பவர்கள் மாணவர் அடையாள அட்டை உள்ளவர்களைத் தேடுவது அதற்காகத்தான்.

"ஆறு மாசம் விட்டிருந்தவன் திரும்பத் தொடங்கிட்டான். எல்லாம் வீண்தானே?"

வீண் இல்லை. நீரிழிவு, பிறஷர் போல இதுவும் திரும்பத் தலைகாட்டும் நோய். ஆறு மாதம் விட முடிந்தது என்பது அவன் உடம்புக்கும் மனதுக்கும் தெரிந்த உண்மை. எந்த இடத்தில், யாரோடு, என்ன மனநிலையில் வழுக்கியது என்று ஆராய்ந்து கிளினிக்கில் சொல்லுங்கள், திட்டத்தை மாற்றுவார்கள்.

ஒரு ஆபத்தைக் கட்டாயம் தெரிந்திருங்கள். விட்டிருந்த காலத்தில் உடம்பின் தாங்குசக்தி இறங்கிவிடும். முந்திப் பழகிய அதே அளவு ஹெரோயினை இப்போது எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். சிகிச்சை முடித்தோ சிறையிலிருந்தோ வந்த முதல் கிழமைகளில் இறப்புகள் கூட நடப்பது இதனால்தான். ஏசுவதற்கு முன் இதை அவனுக்குச் சொல்லுங்கள்.

"எங்கட பற்ச் ட்ரிப், பார்ட்டியை நாங்கள் என்னெண்டு நடத்திறது? குடிக்காதேங்கோ எண்டு சொன்னா ஒருத்தரும் வரமாட்டாங்கள்."

பற்ச் காசில் மது வாங்குவதில்லை என்று ஒரு தீர்மானம் எடுங்கள். குடிக்காதவர்களின் காசில் மற்றவர் குடிப்பது நியாயமில்லை என்றால் எதிர்ப்பவர் குறைவு. சாப்பாட்டை இரவு பதினொரு மணிக்கு வைக்காமல் முதலே வையுங்கள். குடிக்காத இருவர் பொறுப்பாக இருக்கட்டும். மோட்டார் சைக்கிள் திறப்புகள் அவர்கள் கையில் இருக்கட்டும். கசூரினா போன்ற கடற்கரையில் குடித்தவர் தண்ணீரில் இறங்குவதை மறியுங்கள். தோட்டத்து வீடுகளில் என்றால் கட்டு இல்லாத கிணறு எங்கே இருக்கிறது என்று இருட்ட முதல் பார்த்து வையுங்கள்.

"தகப்பனே பின்னேரமானா குடிக்கிறார். நான் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லுறது?"

மிகவும் கஷ்டமான கேள்வி இது. எங்கள் ஊரில் பல தகப்பன்மார் 2009 வரை போரில் கண்டதையும் இழந்ததையும் வாய்விட்டுச் சொன்னதேயில்லை. நித்திரை வருவதற்காகத் தொடங்கிய குடி அவர்களோடு தங்கிவிட்டது. அதைக் கண்டிப்பதில் பயன் இல்லை. அவருக்கும் அதே உளநலப் பிரிவில் சிகிச்சை உண்டு, குடியோடு சேர்த்து அந்த நித்திரையின்மையையும் பார்ப்பார்கள்.

பிள்ளையிடம் அப்பாவை மறைக்கவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம். 'அப்பாவுக்கு இது ஒரு நோய். எங்கட குடும்பத்தில இது வரக்கூடிய தன்மை இருக்கு. அதால நீ மற்றப் பெடியளை விடக் கவனமா இருக்கவேணும்' என்று நேரே சொல்லலாம். பரம்பரையின் பங்கு உண்மையானது, பிள்ளை அதைத் தெரிந்திருப்பது நல்லது. தகப்பனிடம் முதலாவதாக ஒன்றை மட்டும் கேளுங்கள்: கடைக்குப் போய் வாங்கி வரப் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று.

"நான்தான் பாவிக்கிறன் மிஸ். வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. எங்க தொடங்கிறது?"

கேட்டதே பெரிய காரியம். இன்றைக்கு எல்லாருக்கும் சொல்லத் தேவையில்லை, ஒருவருக்குச் சொன்னால் போதும். அந்த ஒருவர் 1927இல் கதைப்பவராகவும் இருக்கலாம், என்னைப் போன்ற ஒரு ஆலோசகராகவும் இருக்கலாம். ஊசி பாவித்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். ஊசியைப் பகிர்ந்தால் மஞ்சட்காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் தொற்றலாம், இதய வால்விலும் கிருமி பிடிக்கலாம். நாட்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தால் கிளினிக் நாள்வரை பொறுக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

போக முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன, எவ்வளவு, எப்போதிருந்து, கடைசியாக எப்போது, வேறு என்ன குளிசைகள், முன்னர் விட முயன்றபோது என்ன நடந்தது. வெளிநோயாளர் பிரிவில் நிறையக் கதைக்க வராவிட்டால் அந்தத் தாளை நீட்டினாலே போதும். தனியே போகக் கால் வராவிட்டால் ஒரு சிநேகிதரைக் கூட்டிக்கொண்டு போங்கள், வாங்கில் பக்கத்தில் இருக்கட்டும். வெளிக்கிட முன் அடுத்த கிளினிக் திகதியைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.